அந்த ஃபோர்மேன் கொண்டுவந்த ரெக்கார்டு



அம்பத்தூரில் ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் குறைவு. வழி சொல்ல வேண்டுமென்றால்கூட அந்தப் பெயரைத்தான் சொல்வோம். யார் அந்த ஸ்டெட்ஃபோர்ட் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தவர். பர்மிங்காம் நகரத்துக் குழாய்ப் பட்டறைகள் ஒன்றுசேர்ந்து உருவான நிறுவனம் அது. முருகப்பா குடும்பத்தார் அவர்களோடு சேர்ந்து 1949-ல் தொடங்கியதுதான் நம் டி.ஐ. சைக்கிள்ஸ். அப்பா ஓட்டிய ஹெர்குலிஸும், அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆரும் அந்த வழியாக வந்தவை. பி.எஸ்.ஏ.வில் வரும் முதல் எழுத்தே பர்மிங்காம்தான். ஹெர்குலிஸ் பிறந்ததும் அதே ஊரில்தான். அதன் பெரிய தொழிற்சாலை அங்கே ஆஸ்டன் என்ற பேட்டையில் இருந்தது.

இன்னும் இருக்கிறது. பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். பெயரில் இருக்கும் லூகாஸும், அம்பத்தூரில் இருந்து மூடிப்போன டன்லப்பும் பர்மிங்காமில் ஆலை வைத்திருந்தவர்கள். ஆக, நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்று ஷிஃப்டிலும் பார்த்த வேலையில் பாதி, அந்த ஊர்க்காரர்கள் முதலில் செய்து பழகிய வேலை.

அந்த ஆஸ்டன் பேட்டையில் வளர்ந்த ஒரு பையனைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேசப் போகிறேன். பெயர் டோனி அயோமி. ‘ஹெவி மெட்டல்’ என்று நம் பிள்ளைகள் ஹெட்போனில் கேட்டுத் தலையாட்டுகிறார்களே, அந்த இசையின் முதல் கிதார்க்காரர் என்று உலகம் அவரைச் சொல்கிறது.

‘ஐயோ, அந்தக் கறுப்பு டி-ஷர்ட், மண்டையோடு, கத்தல் சமாசாரமா?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது ஒரு தொழிற்பேட்டைக் குடும்பத்தின் கதை. உங்கள் தெருவிலும் நடந்திருக்கக்கூடியது.

1948 பிப்ரவரி 19-ல் பிறந்தவர் டோனி. பெற்றோருக்கு ஒரே பிள்ளை. இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டின் முன்னறையிலேயே கடை. சரக்கு மூட்டைகளுக்கு நடுவில்தான் படுக்கை, படிப்பு எல்லாம். டிரம்ஸ் வேண்டும் என்று பையன் கேட்டான். அந்தச் சத்தத்தை இந்த வீடு தாங்குமா என்று சொல்லி அக்கார்டியன் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகுதான் கிதார் வந்தது. இடதுகைப் பழக்கம் உள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்துவது அவருக்கு வலது கை விரல்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி முடிந்ததும் வேலை. தகரம் வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்யும் ஒரு ஃபேக்டரி. சாயங்காலமானால் கிதார். 17 வயதில் ஒரு குழுவில் இடம் கிடைத்தது. ஜெர்மனிக்குக் கச்சேரிக்குப் போகும் வாய்ப்பு. வேலையை விடுவதாகச் சொல்லியாயிற்று. 1965-ல் ஒரு நாள், அதுதான் கடைசி வேலை நாள்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், ‘இனி எதுக்கு திரும்பப் போகணும்?’ என்றாராம். அம்மா விடவில்லை. ஆரம்பித்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பினார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ‘கடைசி நாள்ல கெட்ட பேரு வாங்காதடா, போய் முடிச்சுட்டு வா’ என்றுதானே?

அன்று பிரஸ் மெஷினில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. தகடு வளைந்து வந்தால்தான் டோனி வெல்டிங் செய்ய முடியும். ஆகவே அவரையே மெஷினில் நிறுத்தினார்கள். அதில் அவருக்குப் பழக்கம் இல்லை. பிரஸ் கையின் மேல் இறங்கியது. பதறிக் கையை இழுத்தார். வலது கையின் நடுவிரலிலும் மோதிர விரலிலும் நுனிகள் போய்விட்டன.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ, திருமுல்லைவாயலிலோ, பூந்தமல்லி பக்கத்து ஷெட்டுகளிலோ வேலை பார்த்தவர்களுக்கு இதில் ஒரு வரியாவது புதிதாக இருக்கிறதா? ஆள் வரவில்லை, பக்கத்து ஆளை நிறுத்து, இன்றைக்கு லோடு போயாக வேண்டும். நம் பகுதியில் நடக்கும் பிரஸ் விபத்துகளில் பலவற்றின் தொடக்கம் இந்த மூன்று வாக்கியங்கள்தான்.

டாக்டர்கள் கிதாரை மறந்துவிடச் சொன்னார்கள். பையன் வீட்டில் முடங்கினான். கட்டுப்போட்ட கையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கும் பெற்றோரின் நிலையை நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அப்போது ஒருவர் வீட்டுக்கு வந்தார். அந்த ஃபேக்டரியின் ஃபோர்மேன். கையில் ஒரு கிராமஃபோன் ரெக்கார்டு. ‘இதைக் கேளு’ என்றார். கிதார் சத்தமே கேட்கப் பிடிக்கவில்லை என்றான் பையன். அவர் விடவில்லை. போட்டுக் கேட்க வைத்தார். அபாரமான வாசிப்பு. கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: இதை வாசித்தவருக்கு இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக வேலை செய்யாது.

வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். ஊர் ஊராக வண்டியில் வாழ்ந்த ரோமா இனத்தவர். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் மோதிர விரலும் சுண்டுவிரலும் கருகிச் சுருங்கிவிட்டன. மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கிதார்க் கலைஞர்களில் ஒருவரானார்.

அதன் பிறகு டோனி செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பாத்திரம் கழுவும் திரவம் வருமே, அந்த பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து உருக்கினார். உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் துளை போட்டு, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனிக்குப் பொருந்தும் இரண்டு தொப்பிகள் செய்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட் ஒன்றிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். பிடிப்பு கிடைத்தது.

எந்த வேலை விரலை எடுத்ததோ, அந்த வேலையில் பழகிய கைதான் விரலைச் செய்துகொண்டது. நம் ஊர் ஃபிட்டரும் டர்னரும் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள். ‘நாங்க செய்யாததா?’ என்பார்கள்.

ஆனாலும் தொப்பி போட்ட விரலில் தந்தி பட்டால் உணர்ச்சி தெரியாது. கெட்டியான தந்தியை அழுத்தினால் வலிக்கும். மெல்லிய தந்திகள் கடைகளில் கிடைக்காத காலம். செய்து தாருங்கள் என்று கம்பெனிகளைக் கேட்டபோது யார் வாங்குவார்கள் என்றார்கள். பேன்ஜோ என்ற வேறொரு வாத்தியத்தின் தந்திகளை வாங்கிக் கிதாரில் மாட்டினார். பிற்பாடு வேல்ஸ் நாட்டில் ஒரு நிறுவனம் அவருக்காக மெல்லிய தந்தி செய்துகொடுத்தது.

பிறகு இன்னொரு யோசனை. தந்தியின் முறுக்கையே குறைத்தால் என்ன? இறுக்கிக் கட்டிய கொடிக்கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் விரலால் இழுக்க எளிதாக இருக்குமல்லவா, அதுதான். 1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் பல பாடல்களுக்கு வழக்கமான சுருதியிலிருந்து மூன்று ஸ்வரஸ்தானங்கள் கீழே இறக்கினார். விரலுக்கு வலி குறைந்தது. கூடவே, ஒலி கனத்தது. பல விரல்களை விரித்து, ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிக்கலான கார்டுகளுக்குப் பதில், இரண்டு ஸ்வரங்களை மட்டும் அழுத்தமாகப் பிடிக்கும் கார்டுகளை நம்பினார். இன்று உலகம் முழுக்க மெட்டல் குழுக்கள் கிதாரைச் சுருதி இறக்கி வாசிப்பது இந்த வழியில் வந்ததுதான்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968-ல் அதே பேட்டைப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன், டோனி படித்த அதே பள்ளியில் அவருக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவர். லூகாஸ் ஆலையில் கார் ஹாரன்களை ட்யூன் செய்யும் வேலை பார்த்திருக்கிறார். அவருடைய அம்மாவும் லூகாஸில்தான் வேலை பார்த்தார். பேஸ் கிதாரில் கீசர் பட்லர், டிரம்ஸில் பில் வார்ட். குழுவின் பெயர் ‘பிளாக் சபத்’.

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13-ல் அது வெளிவந்தது. அதே ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பம் ‘பாரநாய்ட்’ இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. 2013-ல், டோனியின் அறுபத்தைந்தாவது வயதில் வெளிவந்த ‘13’ ஆல்பம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்திருந்தது. சிகிச்சைக்கு நடுவே வாசித்தார்.

2025 ஜூலை 5-ல் நான்கு பேரும் கடைசியாக ஒன்றாக மேடையேறினார்கள். எங்கே? வளர்ந்த ஆஸ்டனில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில். அடுத்த பதினேழாம் நாள் ஆஸி காலமானார்.

பெற்றோர்களின் கவலையையும் மறைக்காமல் பேசிவிடலாம். இந்தக் குழுவின் வாழ்க்கையில் போதை இருந்தது. 2011-ல் எழுதிய தன்வரலாற்றில் டோனியே கொக்கைன் பழக்கத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அதில் கொண்டாட எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கொக்கைன் வந்தது காசும் புகழும் வந்த பிறகு. கிதாரோடு அது வரவில்லை. கிதாரைத் தொடாத தெருமுனைகளிலும் இன்று அது கிடைக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பாட்டில் பேய் பிசாசு என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று. குழுவின் பெயர் ஒரு பேய்ப் படத்திலிருந்து எடுத்தது. ஆனால் அவர்களுடைய புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றான ‘வார் பிக்ஸ்’, ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுப் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களைத் திட்டும் பாட்டு. டேங்க் ஃபேக்டரியும் ராணுவக் குடியிருப்பும் உள்ள ஆவடியில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்தக் கதையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளப் போகிறோம்?

வழக்கமாக இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வார்கள். ‘விரல் போனது, வெற்றி வந்தது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும், நாமும் நாலு குரூப்புக்கு அனுப்புவோம். எனக்கு அதில் சம்மதமில்லை.

விரல் போனதால் இசை வந்தது என்றால், எஸ்டேட்டில் விரல் போன அத்தனை பேருக்கும் ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டுமே? வந்ததா? பலருக்கு வந்தது கொஞ்சம் நஷ்டஈடும், வாட்ச்மேன் வேலையும்தான். அவர்களுக்கு நம்பிக்கை இல்லாமலா போயிற்று?

டோனிக்குத் திறமை இருந்தது, பிடிவாதம் இருந்தது. ஆனால் வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தபோது அந்த இரண்டும் அவருக்குள்ளே தூங்கிக்கொண்டுதான் இருந்தன. எழுப்பியது யார்? தன் ஷிஃப்ட் முடிந்து, ஒரு ரெக்கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு, ஒரு தொழிலாளிப் பையனின் வீட்டுக்கு வந்த மனிதர். அந்தப் பையன் கிதார் வாசிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை ஞாபகம் வைத்திருந்தார். ஆறுதல் சொல்லிவிட்டுப் போகாமல், பையனுக்குப் புரியும் மொழியில் ஒரு ஆதாரத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

நம் ஷாப் ஃப்ளோர்களில் எத்தனை சூப்பர்வைசர்களுக்குத் தன் கீழே வேலை பார்க்கும் பையன் கிரிக்கெட் ஆடுவானா, பறை அடிப்பானா, கானா பாடுவானா என்று தெரியும்? இன்று பல பிரஸ்களில் நிற்பது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அடிபட்டால் பார்க்க வருவதற்கு ஊரில் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்தது, விபத்தே வேண்டாமே என்ற விஷயம். பிரஸ்ஸில் கார்டு, அதாவது தடுப்பு, இருக்க வேண்டும். இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி வைக்க வேண்டும். உற்பத்தி குறைகிறது என்று ஒரு பட்டனை டேப் சுற்றி அமுக்கி வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்று செய்கிறவருக்கே தெரியும். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டமே ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. 18 வயது நிரம்பாதவரை, முழுப் பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாமல் அபாயகரமான மெஷினில் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னது. டோனிக்கு அன்று வயது 17.

அப்படியும் நேர்ந்துவிட்டால்? ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்கு, சேர்ந்த முதல் நாளே வேலையில் அடிபட்டாலும் உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு கணக்கிட்டு மாதாமாதம் தரும். ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் இழப்பீடு பெறும் உரிமை 1923-லிருந்தே சட்டத்தில் இருக்கிறது. ‘வெளியில் சொல்லாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று யார் சொன்னாலும், விபத்தை எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

கடைசியாக, கிதார் வேண்டும் என்று கேட்கும் பிள்ளை. கொரட்டூரிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் அப்படிக் கடிதங்கள் வருகின்றன. ‘கீபோர்டு கிளாஸ் என்றால் பரவாயில்லை, இது என்னவோ மெட்டலாம்’ என்ற தயக்கம் வரிக்கு வரி தெரிகிறது.

இந்த இசையில் நம் ஆட்கள் இல்லாமல் இல்லை. 1992-ல் சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய ‘ருத்ரா’, வேதாந்தத்தைக் கருவாக வைத்து மெட்டல் வாசித்து உலகம் முழுக்க ரசிகர்களைச் சேர்த்திருக்கிறது. கொச்சியின் ‘மதர்ஜேன்’ குழுவில் வாசித்த பைஜு தர்மஜன், எலக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீத கமகங்களைப் பேச வைத்தவர். டெல்லியின் ‘பிளட்டிவுட்’ 2019-ல் ஜெர்மனியின் புகழ்பெற்ற வாக்கன் மெட்டல் விழாவில் வாசித்தது. அதன் கிதார்க்காரர் கரண் கட்டியார் வக்கீலாக வேலை பார்த்தவர்.

அதற்காகப் பிளஸ் டூ படிக்கும் பையனை ஐ.டி.ஐ.யும் வேண்டாம், இன்ஜினீயரிங்கும் வேண்டாம், போய் வாசி என்று சொல்லச் சொல்கிறேனா? இல்லை. டோனியும் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டேதான் வாசித்தார். படிப்பு ஒரு பக்கம், கிதார் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் பழைய கிதார் ஒன்று போதும். சத்தம்தான் பிரச்சினை என்றால் எலக்ட்ரிக் கிதாரை ஹெட்போனில் கேட்டு வாசிக்கலாம், பக்கத்து வீட்டுக்கு ‘டிக் டிக்’ என்று தந்தி சத்தம்கூடப் போகாது. எட்டு மணிக்கு மேல் ஆம்ப்ளிஃபயர் கிடையாது என்று ஒரு விதி போடுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.

முக்கியமாக, பிள்ளை என்ன கேட்கிறான் என்று ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள். பிடிக்க வேண்டும் என்று அவசியமில்லை. எனக்கே எல்லாம் பிடிப்பதில்லை. அவனுக்கு அதில் எந்த இடம் பிடிக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மார்க் குறைந்தாலோ, கை உடைந்தாலோ, வேலை போனாலோ அவன் மூலையில் உட்காரும் நாள் வரலாம். அன்று அவனிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரிந்திருப்பவர் வீட்டில் ஒருவராவது வேண்டும்.

இந்த இதழ் கைக்கு வந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பிரஸ் ஷாப்புக்குப் போகிறவரிடம், மெஷினில் கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை யாரிடம் சொல்லலாம் என்று சேர்ந்து யோசியுங்கள். உங்கள் தெருவில் அடிபட்டு வீட்டில் இருக்கும் தொழிலாளி யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு, அவருக்குப் பிடித்த விஷயம் எது என்று விசாரித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

அப்படிப் போய்ப் பார்த்த ஃபோர்மேன்கள் நம் எஸ்டேட்டிலும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் அவர்களுக்கென்று இடம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்